கடவுச்சொல்லை மாற்றுவதற்கு முன் சர்வரின் பதிவேட்டைப் படியுங்கள்

அலுவலகத்தின் உள் இணையதளமான இன்ட்ராநெட்டுக்குள் நுழைய முடியவில்லை என்று ஓர் ஊழியர் தொலைபேசியில் சொன்னதும், பெரும்பாலான ஐ.டி. உதவி மையங்களில் முதலில் நடப்பது அவருடைய கடவுச்சொல்லை மாற்றிக் கொடுப்பதுதான். அரை நிமிட வேலை, அழைப்பையும் முடித்துவிடலாம். ஊழியர்களின் கணக்குகளையும் கணினிகளையும் ஒரே இடத்தில் நிர்வகிக்கும் மைக்ரோசாஃப்டின் ஆக்டிவ் டைரக்டரி டொமைன்களையும் அவற்றை நம்பி இயங்கும் இன்ட்ராநெட் தளங்களையும் பல ஆண்டுகளாகப் பராமரித்து வருபவன் என்ற முறையில், அந்தப் பழக்கத்தைக் கைவிட வேண்டும் என்று வலியுறுத்தவே இதை எழுதுகிறேன். கடவுச்சொல் உண்மையிலேயே தவறாக இருந்த சம்பவங்களைவிட, கோளாறு வேறெங்கோ இருக்க, பழி மட்டும் கடவுச்சொல்லின் மேல் விழுந்த சம்பவங்களையே நான் அதிகம் பார்த்திருக்கிறேன். தேவையில்லாமல் மாற்றப்பட்ட கடவுச்சொல் இருந்த கோளாற்றைத் தீர்க்காது என்பதோடு, பல நேரங்களில் புதிய கோளாறு ஒன்றையும் உண்டாக்கிவிடும்.

நான் பேசுவது மிகப் பரவலாக இருக்கும் அமைப்பைப் பற்றி. ஊழியர்களின் கணினிகள் ஒரு விண்டோஸ் டொமைனில் சேர்ந்திருக்கின்றன. விடுப்பு விண்ணப்பம், சம்பளச் சீட்டு, சுற்றறிக்கைகள் போன்றவை மைக்ரோசாஃப்டின் இணைய சர்வர் மென்பொருளான ஐ.ஐ.எஸ். இயங்கும் சர்வர் ஒன்றில் உள்ளன. காலையில் கணினிக்குள் நுழைந்த ஊழியர் மீண்டும் எதையும் தட்டச்சு செய்யாமலே அந்தத் தளம் அவரை அடையாளம் கண்டுகொள்ள வேண்டும். இந்த ஏற்பாட்டுக்குப் பின்னால் இருப்பது கெர்பரோஸ் நெறிமுறை. 1980களில் எம்.ஐ.டி.யின் அதீனா திட்டத்தில் பிறந்த இது, விண்டோஸ் 2000 முதல் டொமைன்களின் இயல்பான அடையாளச் சரிபார்ப்பு முறையாக இருந்து வருகிறது. அது கைகொடுக்காத இடங்களில் என்.டி.எல்.எம். என்ற பழைய முறை சத்தமில்லாமல் வேலையை எடுத்துக்கொள்கிறது. பல குழப்பங்களுக்கு வேர் இந்தச் சத்தமில்லாத மாற்றம்தான்.

ஊழியரிடம் முதலில் கேட்க வேண்டியது, திரையில் என்ன தெரிகிறது என்பதுதான். உலாவி பெயரும் கடவுச்சொல்லும் கேட்கும் பெட்டியைத் திரும்பத் திரும்பக் காட்டி, கடைசியில் 401 என்று சொன்னால், நீங்கள் யார் என்பதைச் சர்வரால் உறுதி செய்ய முடியவில்லை. 403 என்று வந்தால், பெரும்பாலும் நீங்கள் யார் என்பது அதற்குத் தெரிந்துவிட்டது. அந்தப் பக்கத்துக்கு உங்களுக்கு அனுமதியில்லை என்கிறது. இரண்டாவது நிலையில் கடவுச்சொல்லை எத்தனை முறை மாற்றினாலும் ஒன்றும் நடக்காது. 400 என்று வந்தால் அது முற்றிலும் வேறு கதை. அதைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

அடுத்து ஐ.ஐ.எஸ். பதிவேடு. இதில் ஒவ்வொரு வேண்டுகோளின் வரியிலும் நிலை எண், துணை நிலை எண், விண்டோஸ் பிழை எண் என மூன்று எண்கள் அடுத்தடுத்து இருக்கும். புதிதாகப் பார்ப்பவர்கள் அங்கே 401 வரிகள் குவிந்திருப்பதைக் கண்டு பதறிவிடுகிறார்கள். பதற வேண்டியதில்லை. உலாவி முதல் முறை அடையாளம் எதுவும் இல்லாமல்தான் கதவைத் தட்டுகிறது. சர்வர் ‘401 2 5’ என்று திருப்பி அனுப்புகிறது. அதன் பிறகே உலாவி டிக்கெட்டை, அதாவது பயனர் யார் என்பதற்குக் கெர்பரோஸ் வழங்கும் மின்னணுச் சான்றை, கொண்டுவருகிறது. கெர்பரோஸ் சரியாக இயங்கினால் அந்த ஒரு 401 வரிக்கு அடுத்து 200 வந்துவிடும். இடையில் ‘401 1 2148074254’ என்று இன்னொரு வரி வந்து, அதற்குப் பிறகு 200 வந்தால், நுழைவு வெற்றிதான், ஆனால் நடந்தது என்.டி.எல்.எம். என்று பொருள். ‘401 1 2148074252’ என்று முடிந்து 200 வராமலே போனால், கொடுத்த அடையாளம் மறுக்கப்பட்டிருக்கிறது. இரண்டு நீண்ட எண்களுக்கும் வேறுபாடு கடைசி இலக்கத்தில் மட்டுமே இருக்கிறது. அந்த ஓர் இலக்கம் நம்மைச் சரியான திசையில் திருப்பிவிடும்.

மறுக்கப்பட்டது ஏன் என்பதை ஐ.ஐ.எஸ். சொல்லாது, விண்டோஸின் பாதுகாப்புப் பதிவேடு சொல்லும். தோற்ற நுழைவு ஒவ்வொன்றுக்கும் 4625 என்ற எண்ணில் ஒரு பதிவு விழுகிறது. அதன் துணை நிலைக் குறியீட்டின் கடைசி எழுத்துகளைப் பாருங்கள். 6ஏ என்று முடிந்தால் கடவுச்சொல் உண்மையிலேயே தவறு. 64 என்று முடிந்தால் அப்படியொரு பயனரே இல்லை. பெயரைத் தவறாக அடித்திருக்கிறார், அல்லது வேறு டொமைனின் பெயரைக் கொடுத்திருக்கிறார். 71 என்றால் கடவுச்சொல் காலாவதி, 72 என்றால் கணக்கு முடக்கப்பட்டுள்ளது, 234 என்றால் கணக்கு பூட்டப்பட்டுள்ளது, 133 என்றால் கடிகாரங்கள் ஒத்துப்போகவில்லை. இத்தனை காரணங்களுக்கும் ஊழியரின் திரையில் கிடைப்பது பெரும்பாலும் ஒரே பெட்டிதான். கடவுச்சொல்லை மாற்றுவது நேரடியாகப் பொருந்தும் மருந்து இவற்றில் இரண்டுக்கு மட்டுமே என்பதைக் கவனியுங்கள். கெர்பரோஸில் தோற்றவை இணைய சர்வரில் இல்லாமல், டொமைனின் அடையாளங்களைச் சரிபார்க்கும் சர்வரான டொமைன் கன்ட்ரோலரில் 4771 என்ற எண்ணில் கிடக்கும். அவற்றைப் பதியச் சொல்லும் தணிக்கைக் கொள்கையை இயக்கி வைத்திருந்தால்தான் அவை கிடைக்கும் என்பதால், கோளாறு வருவதற்கு முன்பே அதை இயக்கி வைப்பது நல்லது.

இப்போது கடவுச்சொல் மாற்றம் செய்யும் சேதத்துக்கு வருகிறேன். கணக்குப் பிரிவில் பணிபுரியும் அம்மையார் ஒருவர், “சார், நான் சரியாத்தான் போடுறேன். ஆனா தினமும் காலையில பத்து மணிக்குள்ள அக்கவுண்ட் லாக் ஆயிடுது. நாலு தடவை பாஸ்வேர்டு மாத்திக் கொடுத்துட்டாங்க, ஒண்ணும் மாறல” என்று என்னிடம் வருத்தத்தோடு சொன்னார். அவர் சொன்னது முழுக்க உண்மை. ஒரு கணக்கு பூட்டப்படும்போது, டொமைனில் பி.டி.சி. எமுலேட்டர் என்ற தலைமைப் பொறுப்பை வகிக்கும் கன்ட்ரோலரில் 4740 என்ற பதிவு விழும். எந்தக் கணினியிலிருந்து வந்த தவறான முயற்சிகளால் பூட்டு விழுந்தது என்பதும் அதிலேயே எழுதியிருக்கும். அவருடைய பதிவில் இருந்தது அவருடைய கணினியின் பெயர் இல்லை. ஆண்டு இறுதிக் கணக்குப் பணிக்காக அவர் எப்போதோ ரிமோட் டெஸ்க்டாப் வழியே நுழைந்து, வெளியேறாமல் சாளரத்தை மட்டும் மூடிவிட்டு வந்த ஒரு பழைய சர்வரின் பெயர். அந்த அமர்வு பழைய கடவுச்சொல்லோடு அங்கேயே உயிரோடு இருந்து, ஒரு பகிர்வுக் கோப்புறையோடு இணைய ஓயாமல் முயன்றுகொண்டிருந்தது. அந்த அமர்வை முடித்து வைத்ததும் பூட்டு விழுவது நின்றுவிட்டது. கைபேசியின் மின்னஞ்சல் செயலி, திட்டமிடப்பட்ட பணிகள், விண்டோஸின் கிரெடென்ஷியல் மேனேஜரில் சேமித்த பழைய கடவுச்சொல் ஆகியவையும் இதே வேலையைச் செய்யும்.

இந்த இடத்தில் பலர் அறியாத ஒரு நுணுக்கம் உண்டு. தவறாக வந்த கடவுச்சொல், அந்தக் கணக்கின் கடவுச்சொல் வரலாற்றில் அண்மைய இரண்டு பதிவுகளில் ஒன்றோடு பொருந்தினால், ஆக்டிவ் டைரக்டரி அதைத் தவறான முயற்சியாக எண்ணிக்கையில் சேர்ப்பதில்லை. கடவுச்சொல்லை மாற்றியவரின் கைபேசியோ வேறு கருவியோ பழையதையே சிறிது காலம் அனுப்பிக்கொண்டிருக்கும் என்பதை எதிர்பார்த்தே அந்தச் சலுகை வைக்கப்பட்டிருக்கிறது. உதவி மையம் அடுத்தடுத்து கடவுச்சொல்லை மாற்றிக் கொடுக்கும்போது, அந்தக் கருவி வைத்திருக்கும் பழைய கடவுச்சொல் வரலாற்றில் பின்னுக்குத் தள்ளப்பட்டு, அந்தப் பாதுகாப்பை இழந்துவிடுகிறது. எப்போதாவது விழுந்த பூட்டு அதன் பிறகு தினமும் விழத் தொடங்குகிறது. நான்கு முறை கடவுச்சொல்லை மாற்றியும் பயனில்லை என்று அந்த அம்மையார் சொன்னதற்குத் தொழில்நுட்ப விளக்கம் இதுதான். தன் மேல் தவறில்லை என்று அவர் முதல் நாளிலிருந்தே சொல்லிக்கொண்டிருந்தார், நம்பத்தான் ஆளில்லை.

இன்னொரு வகைச் சேதம், தனக்கென்று நுழைவுப் படிவம் வைத்துக்கொண்டு பின்னணியில், டைரக்டரியிடம் விவரம் கேட்பதற்கான எல்டாப் நெறிமுறை வழியாக ஆக்டிவ் டைரக்டரியிடம் கேட்டுக்கொள்ளும் செயலிகளில் நேர்கிறது. உதவி மையத்தினர் கடவுச்சொல்லை மாற்றும்போது, ‘அடுத்த நுழைவில் பயனர் மாற்ற வேண்டும்’ என்ற பெட்டியில் வழக்கமாக டிக் போடுகிறார்கள். பாதுகாப்பு நோக்கில் அது நல்ல பழக்கம். ஆனால் ஊழியர் கணினியிலிருந்து வெளியேறி மீண்டும் நுழையாமல், புதிய கடவுச்சொல்லை நேராக இன்ட்ராநெட் படிவத்தில் கொடுத்தால், ஆக்டிவ் டைரக்டரி எல்டாப் பிழை 49ஐ, 773 என்ற உட்குறிப்போடு திருப்பித் தருகிறது. கடவுச்சொல் சரி, முதலில் அதை மாற்றிவிட்டு வா என்பது அதன் பொருள். படிவம் எழுதிய நிரலாளர் 49ஐ மட்டும் பார்த்து, ‘பயனர் பெயர் அல்லது கடவுச்சொல் தவறு’ என்று காட்டிவிடுகிறார். ஊழியர் மறுபடி அழைக்கிறார். மறுபடி கடவுச்சொல் மாற்றப்படுகிறது. மறுபடி அதே டிக். இந்தச் சுழலை உடைக்க, செயலியின் பதிவேட்டில் 49க்குப் பக்கத்தில் உள்ள உட்குறிப்பைப் படித்தால் போதும். 775 என்றால் பூட்டு, 532 என்றால் காலாவதியான கடவுச்சொல், 533 என்றால் முடக்கப்பட்ட கணக்கு, 525 என்றால் இல்லாத பயனர். ஒருவர் மட்டும் இல்லாமல் அலுவலகத்தில் எவருமே அந்தப் படிவத்தில் நுழைய முடியவில்லை என்றால், செயலி தானே டைரக்டரிக்குள் நுழையப் பயன்படுத்தும் சேவைக் கணக்கின் கடவுச்சொல் காலாவதியாகியிருக்கிறதா என்பதை முதலில் பாருங்கள்.

நான் மிக அதிக நேரம் செலவிட்ட கோளாறு வேறு. ஒரு நிறுவனத்தில் இன்ட்ராநெட் தளத்தைப் பழைய சர்வரிலிருந்து புதியதுக்கு மாற்றினார்கள். ஊழியர்கள் தட்டச்சு செய்யும் பெயர் மாறக் கூடாது என்பதற்காக, பெயர்களை ஐ.பி. முகவரிகளாக மாற்றித் தரும் டி.என்.எஸ்.ஸில் ‘இன்ட்ராநெட்’ என்ற பெயருக்கான ஏ பதிவைப் புதிய சர்வரின் ஐ.பி. முகவரிக்குத் திருப்பினார்கள். மறுநாள் காலை அனைவருக்கும் கடவுச்சொல் பெட்டி. சரியாகக் கொடுத்தாலும் மூன்று முறை கேட்டுவிட்டு 401. விந்தை என்னவென்றால், பெயருக்குப் பதிலாக ஐ.பி. முகவரியைக் கொடுத்தால், பெட்டி ஒரு முறை வந்து, அதே கடவுச்சொல்லை ஏற்றுக்கொண்டு தளம் திறந்தது. இந்த ஓர் அறிகுறி போதும்: கடவுச்சொல் குற்றமற்றது. ஐ.பி. முகவரியில் வழக்கமாகக் கெர்பரோஸ் நடப்பதில்லை, என்.டி.எல்.எம். நடக்கிறது, வெற்றியும் பெறுகிறது. பெயரில் கெர்பரோஸ் நடக்கிறது, தோற்கிறது.

அது ஏன் தோற்றது என்பதைப் புரிந்துகொள்ள, டிக்கெட் எப்படிக் கொடுக்கப்படுகிறது என்பதைப் பார்க்க வேண்டும். உலாவி டொமைன் கன்ட்ரோலரின் 88ஆம் போர்ட்டை அணுகி, ‘எச்.டி.டி.பி. சாய்கோடு இன்ட்ராநெட்’ என்ற சேவைக்கு டிக்கெட் கேட்கிறது. அந்தச் சேவைப் பெயர், அதாவது எஸ்.பி.என்., எந்தக் கணக்கில் பதிவாகியிருக்கிறது என்று கன்ட்ரோலர் தேடி, அந்தக் கணக்கின் இரகசியத்தைக் கொண்டு டிக்கெட்டை மறையாக்கம் செய்து கொடுக்கிறது. ஒருவரின் சாவியால் மட்டுமே திறக்கக்கூடிய பெட்டியைத் தயாரித்துக் கொடுப்பது போன்றது இது. சர்வர் மாறியபோது டி.என்.எஸ். மாறியது, எஸ்.பி.என். பழைய சர்வரின் கணினிக் கணக்கிலேயே தங்கிவிட்டது. ஆகவே ஒவ்வொரு டிக்கெட்டும் பழைய சர்வரின் சாவிக்கு ஏற்பத் தயாராகி, புதிய சர்வரின் கையில் போய்ச் சேர்ந்தது. அதனால் அதைத் திறக்க முடியவில்லை. எஸ்.பி.என். எங்குமே இல்லாமல் போயிருந்தால்கூட டிக்கெட் கிடைக்காமல் என்.டி.எல்.எம்.முக்குத் தாவி, தளம் எப்படியோ திறந்திருக்கும். தவறான கணக்கில் இருப்பதுதான் ஆபத்து, ஏனெனில் டிக்கெட் கிடைத்துவிடுகிறது.

ஊழியரின் கணினியில் சிஸ்டம் பதிவேட்டைத் திறந்தால், செக்யூரிட்டி கெர்பரோஸ் என்ற மூலத்திலிருந்து 4 என்ற எண்ணில் ஒரு பதிவு இதை வெளிப்படையாகவே சொல்லும். ஒரே எஸ்.பி.என். இரண்டு கணக்குகளில் இருந்தாலும் கோளாறுதான். ‘செட்எஸ்பிஎன்’ கட்டளையை எக்ஸ் விருப்பத்தோடு ஓட்டினால் இரட்டைப் பதிவுகள் பட்டியலாக வந்துவிடும். சேர்க்கும்போது எஸ் விருப்பத்தைப் பயன்படுத்தினால், ஏற்கெனவே அந்தப் பெயர் வேறெங்கும் உள்ளதா என்று சரிபார்த்த பிறகே சேர்க்கும். தளம் தனிச் சேவைக் கணக்கின் பெயரில் இயங்குகிறது என்றால் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். ஐ.ஐ.எஸ். 7 முதல் டிக்கெட்டைத் திறக்கும் வேலையை விண்டோஸின் மையப்பகுதியான கர்னலே ஏற்றுக்கொண்டு, கணினிக் கணக்கின் இரகசியத்தைத்தான் இயல்பாகப் பயன்படுத்துகிறது, எஸ்.பி.என். சேவைக் கணக்கில் இருந்தால், ஆப் பூலின், அதாவது தளம் இயங்கும் செயல்முறையின், அடையாளத்தைப் பயன்படுத்து என்று அமைப்புக் கோப்பில் தெளிவாகச் சொல்லியாக வேண்டும்.

எஸ்.பி.என்.னைத் திருத்திய பிறகும் உடனே எல்லாம் சரியாகிவிடாது. டிக்கெட்டின் இயல்பான ஆயுள் 10 மணி நேரம். காலையில் வாங்கிய பயனற்ற டிக்கெட்டை ஒவ்வொரு கணினியும் மாலை வரை வைத்திருக்கும். இது தெரியாமல், சரியான திருத்தத்தைச் செய்துவிட்டு, ‘இதுவும் வேலைக்கு ஆகவில்லை’ என்று அதைத் திரும்பப் பழைய நிலைக்கே மாற்றிவிடுபவர்கள் உண்டு. ‘கேலிஸ்ட் பர்ஜ்’ என்று ஒரு கணினியில் கொடுத்து, பழைய டிக்கெட்டுகளை அழித்துவிட்டுச் சோதித்துப் பாருங்கள். சோதனையைச் சர்வரின் மேலேயே உட்கார்ந்து செய்யாதீர்கள். தன்னைத் தானே வேறொரு பெயரில் அழைக்கும் சர்வரை விண்டோஸின் லூப்பேக் சரிபார்ப்பு தடுத்துவிடும் என்பதால், கோளாறே இல்லாதபோதும் 401 கிடைக்கும்.

அதே 10 மணி நேர ஆயுள்தான் 403 புகார்கள் பலவற்றுக்கும் காரணம். ஒருவரைப் புதிதாக ஒரு குழுவில் சேர்த்திருப்பீர்கள். அவர் கையில் இருப்பதோ பழைய குழுக்களின் பட்டியலைத் தாங்கிய டிக்கெட். ஒரு முறை வெளியேறி நுழையச் சொல்லுங்கள்.

கடிகாரம் பற்றியும் சொல்ல வேண்டும். பிறர் வலையமைப்பில் ஒட்டுக்கேட்ட டிக்கெட்டைப் பிறகு மறுபடி அனுப்பி ஏமாற்றாமலிருக்க, கெர்பரோஸ் நேர முத்திரையைச் சார்ந்திருக்கிறது. இயல்பாக 5 நிமிட வித்தியாசம் வரை பொறுத்துக்கொள்ளும். டொமைனில் சேர்ந்த விண்டோஸ் கணினிகள் டொமைன் கன்ட்ரோலர்களிடமிருந்து நேரத்தைப் பெறுகின்றன, கன்ட்ரோலர்கள் பி.டி.சி. எமுலேட்டரிடமிருந்து பெறுகின்றன. அந்த ஒரு சர்வர் மெய்நிகர் கணினியாக இருந்து, அது இயங்கும் ஹோஸ்டின் தவறான நேரத்தை எடுத்துக்கொண்டால், தவறு டொமைன் முழுவதும் ஒழுங்காகப் பரவும். எல்லாரும் ஒரே அளவு தவறாக இருப்பதால் யாருக்கும் தெரியாது. வெளியிலிருந்து சரியான நேரத்தைப் பெறும் லினக்ஸ் சர்வரில் ஓடும் ஒரு செயலி மட்டும், ‘கிளாக் ஸ்க்யூ டூ கிரேட்’ (கடிகார வித்தியாசம் மிக அதிகம்) என்று அழத் தொடங்கும். அப்போது சந்தேகப்பட வேண்டியது பெரும்பான்மையை.

400 பற்றிப் பிறகு சொல்கிறேன் என்றேன். புதிதாகச் சேர்ந்தவர்கள் எல்லாரும் நுழைகிறார்கள், இருபது ஆண்டு அனுபவமுள்ள மேலாளரால் மட்டும் நுழைய முடியவில்லை, திரையில் வேண்டுகோள் மிக நீளம் என்ற பொருளில் 400 வருகிறது என்றால், அவர் எத்தனை குழுக்களில் இருக்கிறார் என்று எண்ணிப் பாருங்கள். ஒவ்வொரு துறைக்கும் மாறும்போது புதிய குழுக்களில் சேர்த்திருப்பார்கள். பழையவற்றிலிருந்து யாரும் நீக்கியிருக்க மாட்டார்கள். அத்தனை குழுக்களும் டிக்கெட்டில் ஏறுகின்றன. டிக்கெட் எச்.டி.டி.பி. தலைப்பில் பயணிக்கும்போது பேஸ்64 குறியாக்கத்தால் மூன்றில் ஒரு பங்கு பெருக்கிறது; 12,000 பைட் டிக்கெட் 16,000 பைட்டாகிறது. ஐ.ஐ.எஸ்.ஸுக்கு அடியில் இருக்கும் எச்.டி.டி.பி. டிரைவரின் இயல்பான வரம்பு 16,384 பைட். ரெஜிஸ்ட்ரியில் வரம்பை உயர்த்திவிடலாம், அவசரத்துக்கு நானும் உயர்த்தச் சொல்வேன். ஆனால் அந்த மேலாளர் பத்தாண்டுகளுக்கு முன் விட்டுவந்த துறையின் கோப்புகளை இன்னும் திறக்க முடிகிறது என்ற செய்தியையும் அந்த 400 சொல்கிறது. குழுக்களைக் களையெடுப்பதே சரியான தீர்வு.

உலாவியின் பங்கு சிறியது, ஆனால் அடிக்கடி வருவது. புள்ளியே இல்லாத சிறு பெயரை விண்டோஸ் உள் வலையமைப்பாக எடுத்துக்கொண்டு டிக்கெட்டைத் தானாக அனுப்புகிறது. புள்ளிகளோடு கூடிய முழுப் பெயரைக் கொடுத்தால் வெளித்தளமாகக் கருதி, பெட்டியைக் காட்டுகிறது. தளத்துக்குப் பாதுகாப்புச் சான்றிதழ் வாங்கிப் போடும்போது முழுப் பெயருக்கு மாற வேண்டியிருப்பதால், ‘எச்.டி.டி.பி.எஸ். போட்டதிலிருந்து பாஸ்வேர்டு கேட்கிறது’ என்ற புகார் வரும். டொமைன் கணினிகளுக்கெல்லாம் அமைப்புகளை அனுப்பும் குரூப் பாலிசியில் அந்த முழுப் பெயரை இன்ட்ராநெட் மண்டலத்தில் சேர்த்துவிட்டால் குரோமிலும் எட்ஜிலும் தீர்ந்துவிடும்; ஃபயர்பாக்ஸுக்கு அதற்கென உள்ள தனி அமைப்பில் சேர்க்க வேண்டும்.

இவற்றில் பல கோளாறுகள் இத்தனை காலம் வெளியே தெரியாமல் இருந்ததற்குக் காரணம், எஸ்.பி.என். இல்லாவிட்டாலும் என்.டி.எல்.எம். பின்னாலிருந்து தாங்கிக்கொண்டதுதான். அந்தத் தாங்கல் இனி நிலைக்காது. என்.டி.எல்.எம்.மின் எல்லாப் பதிப்புகளையும் கைவிடப்படவிருக்கும் அம்சங்களின் பட்டியலில் மைக்ரோசாஃப்ட் 2024 ஜூனில் சேர்த்துவிட்டது. அதன் முதல் பதிப்பு விண்டோஸ் 11இன் 24எச்2 வெளியீட்டிலும் விண்டோஸ் சர்வர் 2025இலும் நீக்கப்பட்டேவிட்டது. உங்கள் இன்ட்ராநெட் சர்வரின் பாதுகாப்புப் பதிவேட்டில், வெற்றி பெற்ற நுழைவுகளுக்கான 4624 பதிவுகளைத் திறந்து, அடையாளச் சரிபார்ப்புத் தொகுப்பு என்ற புலத்தில் என்.டி.எல்.எம். என்று எத்தனை வருகின்றன, எந்தக் கணினிகளிலிருந்து வருகின்றன என்று இந்த வாரமே வடிகட்டிப் பாருங்கள். புகார் எதுவும் கொடுக்காமல் இன்று நுழைந்துகொண்டிருக்கும் அந்த ஊழியர்களின் எஸ்.பி.என்., டி.என்.எஸ்., உலாவி மண்டலம் ஆகியவற்றைத்தான் முதலில் சரிபார்க்க வேண்டும்.